சுருட்டை கடித்த கை

பாம்பு கடித்த வலியை ஆஸ்பத்திரியில் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த புத்திமதிகளுக்குத்தான் மருந்து இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு பன் பாக்கெட்டையும் ஒரு புத்திமதியையும் கொண்டுவந்தார்கள். பன்னைப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டன.

எங்கள் வீடு இலஞ்சியில். கொல்லையைத் தாண்டினால் வயல், வாய்க்கால், தென்னை. ஆனி பிறந்தால் வாசலிலேயே சாரல் அடிக்கும். ஆனால் எங்கள் எலுமிச்சைத் தோட்டம் இருப்பது வேறு உலகத்தில். தென்காசியைத் தாண்டி வடக்கே ஸ்கூட்டரில் அரைமணி நேரம் போக வேண்டும். ஐந்தருவியில் ஆட்கள் தலை துவட்ட நேரமில்லாமல் குளித்துக்கொண்டிருக்கிற அதே காலையில், என் தோட்டத்தில் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். செம்மண், சரளைக்கல், வெயில். இலஞ்சியில் பிறந்த தவளை அங்கே வந்தால் அன்றைக்கே திரும்பிப் போய்விடும்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மாமனார் இறந்து சொத்தைப் பிரித்தபோது எங்கள் பங்குக்கு வந்தது இந்தத் தோட்டம். அடுத்த தோட்டம் அவருடைய அண்ணனுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்கட்டு, சுண்ணாம்பு இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய சுவர். பங்கு பிரித்த அன்றைக்கே அத்தான், அதாவது கணவரின் அண்ணன், சொன்னார்: "குத்தகைக்கு விட்டுரும்மா. பொம்பள ஒத்தைல எத்தன நாளைக்கு இங்கன வந்து வந்து போவ?" நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன். தண்ணீர் பாய்ச்சவும், கிளை வெட்டிக் கவாத்து செய்யவும், புளியங்குடிக் கமிஷன் கடையில் பேரம் பேசவும் யாரிடமும் போய் நிற்கவில்லை. அத்தான் கெட்டவர் இல்லை. என்மேல் அக்கறை உள்ளவர். அந்த அக்கறைதான் எனக்குப் பெரிய தொல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு காரணத்தோடு குத்தகைப் பேச்சு வரும். போன வருஷம் அந்தக் காரணத்தை நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

எலுமிச்சையை நாங்கள் பெரும்பாலும் பறிப்பதில்லை. மரம் முழுக்க முள். பழுத்தது தானாகக் கீழே விழும். விடிந்ததும் போய்ப் பொறுக்குவோம். நானும், பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஓர் அக்காவும், ஆளுக்கு ஒரு வரிசையாகக் குனிந்துகொண்டே போவோம். மரத்தடியில் சருகை அள்ளாமல் அப்படியே விட்டிருப்பேன். மண் காயாது, விழுகிற பழமும் அடிபடாது. சருகுக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும். அணிலும் எலியும் அந்தக் குழாயைக் கடித்து ஓட்டை போடுவது எங்களுக்குத் தினசரித் தலைவலி. மோட்டார் ஓடும்போது ஓட்டை இருக்கிற இடத்தில் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். சருகுக்குள் கையை விட்டுத் தடவினால் ஈரம் தெரியும். ஒரு துண்டு ரப்பரைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அன்றைக்கும் சத்தம் கேட்டது. கல்கட்டு ஓரத்து மரத்தடியில், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல. இந்த எலிகளை என்ன செய்வது என்று திட்டிக்கொண்டே சருகுக்குள் வலது கையை விட்டேன். ஈரம் தட்டுப்படவில்லை. ஆள்காட்டி விரலில் முள் குத்தியது போல ஒன்று. முள்தான் என்று நினைத்துக் கையை எடுத்தபோது சருகு நகர்ந்திருந்தது. மண் நிறத்தில், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருக்கும் நீளம்கூட இல்லாத ஒன்று, பிறை பிறையாக மடிந்து படுத்திருந்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டே இருந்தன. இருந்த இடத்தை விட்டு அது நகரவில்லை. சத்தம் வந்தது அந்த உரசலிலிருந்து. மோட்டாரை அன்றைக்கு நான் இன்னும் போடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யக்கா, சுருட்டை கடிச்சிட்டு" என்றேன். அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் போட்ட கூச்சலில் அடுத்த தோட்டத்திலிருந்து அத்தானும் வந்துவிட்டார். வரும்போதே வேப்பிலைக் கொத்தோடு வந்தார்.

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. பாம்பு கடித்தவர் வாயில் வேப்பிலையைக் கொடுப்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை. இனித்தால் ஏறிவிட்டது. சிலர் மிளகாயும் கொடுப்பார்கள்.

"மெல்லும்மா. கசக்குதா?"

"கசக்குது அத்தான்."

"நல்லாக் கசக்குதா?"

"வேப்பிலை கசக்காம வேற என்ன செய்யும்?"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப ஒண்ணும் இல்ல. சும்மா பொய்க்கடி. கொஞ்ச நேரம் உக்காரு, நான் அந்தச் சனியன அடிச்சிட்டு வாரேன்" என்று கம்பைத் தேடினார். அக்கா தன் பங்குக்குச் சாக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்து வந்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் விரல் வலிகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. விரல் என்னுடையது. அது வீங்குவதை நான் கண்ணால் பார்க்கிறேன். இவர்கள் என் நாக்கிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸம்மா வந்து, கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கையை ஆட்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

"கயித்தக் கீழ போடுக்கா" என்றேன். "அத்தான், பாம்பு எங்கயும் போகாது. நேரமாச்சுன்னா நான்தான் போயிருவேன்."

காய் ஏற்ற வந்த லோடு ஆட்டோ வேலியோரம் நின்றிருந்தது. நானே போய் முன்சீட்டில் ஏறிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க" என்றேன். டிரைவர் அத்தானைப் பார்த்தார். "அங்க என்ன பாக்கீங்க? கடிச்சது என்னய" என்றேன். வண்டி கிளம்பியது. அத்தான் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் கேட்டது, "மலை மேலயா, கீழயா?" கீழே என்றேன். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. அருவிக்கு மேலே எஸ்டேட் பக்கம் சருகோடு சருகாகக் கிடக்கிற குழிவிரியனுக்கு நம்மிடம் இருக்கிற மருந்து கேட்காதாம். சுருட்டைக்குக் கேட்கும். என் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடக் கூடாது என்று மேஜைமேல் வைத்தார். இருபது நிமிஷம் கழித்து அதைச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருக்க வேண்டியது தண்ணீர் போல ஓடியது. அதற்குள் என் பல் ஈறிலும் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. "வேப்பிலை கசந்துச்சே டாக்டர்" என்றார் அத்தான், பாவமாக. "கசக்கத்தான் செய்யும். இந்த விஷம் நாக்குக்குப் போறதில்ல, ரத்தத்துக்குப் போகுது" என்று டாக்டர் மருந்தை ஏற்றச் சொன்னார். நான் பயந்தேன். நன்றாகவே பயந்தேன். பிள்ளைகள் முகம் வந்து வந்து போனது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது பயம் போய் மறுபடி கோபம்தான் வந்தது.

உயிர் பிழைத்தேன். ஆள்காட்டி விரல் மட்டும் இன்றைக்கும் முழுசாக மடங்காது. யாரையாவது குற்றம் சொல்ல நீட்டியபடியே இருக்கிறது என்று என் மகள் கேலி செய்வாள்.

படுத்திருந்த நாட்களில் போனில் சுருட்டையைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பாம்பு வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கிறது. கிட்டே வராதே என்று அதை ஆட்டிச் சொல்லும். நம் சுருட்டைக்கு அந்த வசதி இல்லை. உடம்பின் பக்கவாட்டுச் செதில்களில் அரம் போலச் சின்னச் சின்னப் பற்கள். அவற்றை உரசித்தான் அது சத்தம் போடுகிறது. சீறினால் மூச்சோடு ஈரமும் வெளியே போகும், காய்ந்த பூமியில் பிழைக்கிற பாம்பு அதைக்கூட மிச்சம் பிடிக்கிறது என்றும் சொல்கிறார்கள். முட்டை இடாது, குட்டி போடும். பகலில் கல்லுக்கு அடியிலும் சருகுக்குள்ளும் கிடக்கும். தேள், பூரான், பல்லி, சுண்டெலி தின்னும். துரத்திப் போய்ப் பிடிக்கிற பழக்கம் குறைவு. படுத்த இடத்தில் படுத்து, வருவதைப் பிடிக்கும். கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்கும். எனக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அது சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறது. அதற்குத் தெரிந்த பாஷையில் சொன்னது. நான் அதை ரிப்பேர் பண்ணப் போனேன்.

பார்க்க வந்தவர்களுக்கு இது எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாம்பு ஒருமுறை கடித்தால் அந்த ஆளை விடாது, தேடி வரும் என்றாள் என் நாத்தனார். புற்றுக்குப் பால் ஊற்றாமல் தோட்டத்தில் கால் வைக்காதே என்றாள். "சுருட்டை பால் குடிக்காது மைனி. அதுக்குத் தேள்தான் இஷ்டம். ரெண்டு தேளப் புடிச்சிக் கொண்டு போய்ப் போடவா?" என்றேன். அவள் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் போனாள்.

அத்தான் பால் பேச்சை எடுக்கவில்லை. அவர் குத்தகைப் பேச்சை எடுத்தார்.

கணவர் லீவில் வந்த மறுநாளே ஒரு குத்தகைக்காரரைக் கூட்டிவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார். எல்லாரும் கணவரைப் பார்த்துப் பேசினார்கள். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குத்தகைக்காரருக்குத் தோட்டம் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஜேசிபி வைத்துக் கல்கட்டை இடித்துத் தள்ள வேண்டும், சருகை எல்லாம் கூட்டித் தீ வைக்க வேண்டும். "பூராப் பாம்புக் காடாக் கெடக்கு அண்ணாச்சி" என்றார். அத்தான் தலையாட்டினார். "நானும் அதத்தான சொல்லுதேன். இனிமே அவளப் போக விடக் கூடாதுலே தம்பி. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

கணவர் என் விரலைப் பார்த்தார். "அண்ணன் சொல்லுததும் சரிதானட்டி" என்றார் மெதுவாக. "நான் அங்கன இருந்துக்கிட்டு ஒன்னய நெனச்சுப் பயந்துக்கிட்டே இருக்க முடியுமா?"

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் நான் விடவில்லை.

"நான் இங்கன இருந்துக்கிட்டு ஒங்கள நெனச்சுப் பயப்படலயா?" என்றேன். "நீங்க நிக்கித எடத்துல பனி சரியுது, குண்டு வருது. ஒரு நாளாவது வேலைய விட்டுட்டு வீட்ல இருங்கன்னு சொல்லிருக்கேனா?"

கணவர் கீழே பார்த்துக்கொண்டே, "சொன்னதில்ல" என்றார்.

"நீங்களும் சொல்லாதீங்க. நான் பூட்ஸ் வாங்கிட்டேன். கம்பால கிளறாம இனிமே கைய விட மாட்டேன். தோட்டம் குத்தகைக்கு இல்ல."

குத்தகைக்காரர் மரியாதைக்கு டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். அத்தான் எழவில்லை. குத்தகை போனால் போகட்டும், அந்தக் கல்கட்டையாவது இடித்துவிடலாம், செலவு தன்னுடையது என்றார். அது அவருடைய அக்கறை. இப்போதும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

"வேண்டாம் அத்தான். நீங்கல்லாம் பேசிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவீங்க. அங்கன கெடக்கப் போறது அந்தச் சுருட்டையும் நானுந்தான். எங்களுக்குள்ள நாங்க பாத்துக்கிடுதோம்."