ரோமம் வெட்டும் நாள்

கனடாவில், ஒஷாவாவுக்கு வடக்கே ஓர் அல்பாக்கா பண்ணை. ஒட்டகச் சாயலில், ஆடுபோல் கம்பளி தரும் பிராணிகள். மே மாதக் கடைசி. வருடத்துக்கு ஒருமுறை ரோமம் வெட்டும் நாள் இன்று. ஒவ்வொன்றாகப் பாயில் படுக்கவைத்து, கால்களைக் கயிற்றால் கட்டி, மெஷின் ஓட்டுகிறார்கள். கையோடு நகமும் வெட்டிவிடுகிறார்கள். கம்பளி மூட்டையாகப் போன பிராணி, மெலிந்த கழுத்தும் பெரிய கண்களுமாக எழுந்து வருகிறது.

"வெட்டாட்டி வெயிலுக்குத் தாங்காதுகள், அங்கிள்" என்கிறார் தலையைப் பிடித்திருக்கும் சுகந்தி. வெக்ஸ்போர்ட்டில் வீடு, இங்கே வேலை.

வெட்டி முடித்த தாயிடம் குட்டியை விடுகிறார்கள். குட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்டாத வேறொன்றிடம் ஓடுகிறது. அந்த அல்பாக்கா எச்சில் துப்பிக் குட்டியைத் துரத்துகிறது.

"தாயைத் தெரியலையாம்மா அதுக்கு?" என்று கேட்கிறேன்.

"ஓம், உருவம் மாறிப்போச்செல்லே. பொறுங்கோ, சத்தம் கேட்டா வந்திடும்."

தாய் மெல்ல முனகுகிறது. குட்டி நிற்கிறது, காதைத் திருப்புகிறது, ஓடிவந்து மடியில் முட்டுகிறது.

நான் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறேன். விசா கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல். விமானம் ஏறுமுன் திருப்பதியில் முடியோடு மீசையையும் கொடுத்துவிட்டேன். பிக்கரிங்கில் மகள் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியும் பேத்தி என்னிடம் வரவில்லை. இப்போது வேலியோரம் மகளின் இடுப்பில் இருக்கிறாள். ஊரிலிருந்து தினமும் ஃபோனில் முகம் பார்த்துக் கூப்பிட்டதைப் போலவே கூப்பிடுகிறேன்.

"பட்டுக்குட்டி."

சட்டென்று திரும்புகிறாள். என்னைப் பார்க்கவில்லை. மகள் கையிலிருக்கும் ஃபோனைப் பிடுங்கிப் பார்க்கிறாள்.