மஞ்சள் கோட்டுக்குள் ஒரு பியூஸ் கட்டை

பரவை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் என் தையல் கடை. எதிர்வீடு நல்லகாமனுடையது. முன்னறையைப் பட்டறையாக்கி மோட்டார், மிக்ஸி, ஃபேன் எல்லாம் ரிப்பேர் பார்ப்பான். ரிப்பேர்க் கடை என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையுமாகத்தான் கிடக்கும். அவன் பட்டறைத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம். ஸ்பேனர், பிளேயர், சுத்தியல் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஆணி அடித்து, அதனதன் உருவத்தை மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தான். இரவல் வாங்கிய சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டு வந்ததற்கு என்னையே வைதிருக்கிறான். எனக்கும் வாய் இருக்கிறது, நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் மனைவி முனீஸ்வரி கல்யாணமாகி வந்ததும் கற்றுக்கொண்டது அந்தக் கோடுகளைத்தான். கூட்டும்போது எது கண்ணில் பட்டாலும் அதன் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டே வருவாள். யோசிக்கவே மாட்டாள், கை தானாகப் போகும்.

அவனுக்கு இன்னொரு பழக்கம். ஒயரில் கை வைக்கும் முன் சுவிட்சை நம்ப மாட்டான். போர்டில் அதற்கும் ஒரு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

"கட்ட நம்ம பையில கெடந்தா கரண்டு எங்கிட்டும் வராது மாப்ள" என்பான்.

போன ஆயுத பூசைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவிவிட்டு, மோட்டார் சோதிக்கிற மேசையின் பழைய ஒயரை மாற்ற உட்கார்ந்தான். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றியிருந்தான். பை இல்லாததால் பிடுங்கிய கட்டையை மேசைமேலேயே வைத்துவிட்டு, ஒயரில் சுற்ற டேப் வாங்க முக்குக் கடைக்குப் போனான். அந்த நேரம் முனீஸ்வரி விளக்குமாறோடு வந்தாள். கட்டை மேசையில் கிடந்தது, போர்டில் மஞ்சள் கோட்டுக்குள் அதன் இடம் காலியாக இருந்தது. எடுத்து மாட்டிவிட்டுச் சந்தனம் கரைக்க உள்ளே போனாள்.

டேப்போடு திரும்பியவன் போர்டைப் பார்க்கவில்லை. அலறல் கேட்டு நான் ஓடினேன். ஒயரை விட முடியாமல் உதறிக்கொண்டிருந்தான். கையிலிருந்த மரக் கெஜக்கோலால் ஓங்கி அடித்து அவனைப் பிரித்தேன். அப்புறம்தான் போர்டில் கட்டை மாட்டியிருந்ததைக் கவனித்தேன்.

பெரியாஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். முனீஸ்வரி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவனிடம் கட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"முனீசுதேன் மாட்டியிருப்பா. நானே மறந்து மாட்டிப்புட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிரு மாப்ள. தெரிஞ்சா அவ உசுர விட்ருவா."

சொன்னேன். இம்புட்டுச் சுத்தம் பார்க்கிறவனுக்கு அதுகூடவா மறக்கும் என்று தெருவே கேலி பேசியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இடது கையால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தான். ஆணிகளைப் பிடுங்கி எறிந்தான். சாமான்கள் தரையில் குப்பலாகக் கிடந்தன. முனீஸ்வரி விளக்குமாறோடு எட்டிப் பார்த்தாலே கத்துவான்.

"எதையும் தொடாத. எதையும் எடுத்து வைக்காத."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். இடம் என்று ஒன்று இருந்தால்தானே அவள் கை இன்னொரு தடவை எதையாவது கொண்டுபோய் மாட்டும் என்று அவனுக்குப் பயம். அந்தக் கிறுக்கனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாகவும் இருக்கும்.

இந்த வருஷமும் பூசைக்கு முந்தின நாள் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். முனீஸ்வரி உள்ளே வந்து, குப்பலிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவன் வழக்கம்போலக் கத்தினான். அவள் நகரவில்லை.

"எம்புட்டு நாளைக்கு இப்பிடிச் சாடையிலயே வைவீங்க?"

"நான் என்னத்த வைஞ்சேன்?"

"அன்னைக்குக் கட்டைய மாட்டுனது நாந்தேன். நீங்க அலறுனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னய வைவீங்கன்னு தலமாட்டுலயே நின்னேன். நீங்க ஊருக்கு ஒரு கதயச் சொல்லிட்டு, எனக்குத் தொடாத தொடாதன்னு மட்டும் சொன்னீங்க. இந்தக் கையால பெசஞ்ச சோறு எனக்கு எறங்க மாட்டேங்குது."

நல்லகாமன் என்னைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டன்னுதேன்..." என்று தொடங்கியவன் வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அவள் அழவில்லை. ஸ்பேனருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பழக்கத்தில் சுவர்ப் பக்கம் கையைத் தூக்கினாள். சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது.

"இத எங்க வைக்க?" என்று கேட்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அது எங்கே தொங்கியது என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.