எவ்வளவு பிந்தினால் பயப்படலாம்

புளித்த கொக்கோ விதையின் வாடைதான் எங்கள் வீட்டுக்குள் முதலில் வரும். வாப்பா அதற்குப் பின்னால்தான் வருவார். சைக்கிளில் கட்டிய ஈரச் சாக்கிலிருந்து எழும் அந்த வாடைக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ அது வந்த பிறகுதான் அன்றைய பயம் தீரும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் ரோட்டோரத்தில் எங்கள் வீடு. வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் ஆளுக்கொரு சைக்கிளில் மலையடிக் கிராமங்களுக்குப் போய், கொக்கோவும் மிளகும் வாங்கிவந்து டவுன் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அறுபதுகளில் அப்படிப் பிழைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய இருந்தன. வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. ஒன்று உம்மாவுடையது, மற்றது சாச்சாவின் மனைவி சாச்சியுடையது.

இருவரும் எப்போது வீடு திரும்புவார்கள் என்று கேட்டால், பொழுது சாயும் மஃரிப் தொழுகையை ஒட்டி என்றுதான் யாரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும் நேரத்தில் சாச்சா சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருப்பார்; மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். வாப்பாவோ ஒருநாள் பின்னேரத் தொழுகையான அஸருக்கே வந்து பாயில் சாய்ந்திருப்பார், மறுநாள் இராத் தொழுகையான இஷாவும் முடிந்து நாங்கள் சோற்றை மூடிவைத்த பிறகு வருவார். முந்தியதையும் பிந்தியதையும் கூட்டி வகுத்தால் அவருடைய கணக்கும் மஃரிப்பில்தான் வந்து நிற்கும். கண்ட இடத்தில் காலை ஊன்றிக் கதைக்கிற மனிதர் அவர்.

சாச்சிக்குப் பயப்பட ஒரு நேரம் இருந்தது. பாங்கு கேட்டதும் "தேத்தண்ணி" ஊற்றுவார். அது ஆறும்வரை சாச்சா வரவில்லையென்றால் வாசல் படலைக்குப் போய்விடுவார், கண்ணில் நீர் முட்டிவிடும். உம்மா சிரிப்பார். எங்கள் அடுப்பில் அப்படி முன்கூட்டியே எதுவும் ஊற்றி வைப்பதில்லை. "இந்த மனிசன நம்பித் தேத்தண்ணி ஊத்த ஏலா" என்பார். உம்மா பயப்படாமலிருக்கப் பழகிக்கொண்டார்; எனக்கு அது வரவில்லை. என் பயம் அஸருக்குத் தொடங்கி, அந்த வாடை வரும்வரை தீராது. எவ்வளவு பிந்தினால் உண்மையிலேயே பயப்படலாம் என்று எனக்குச் சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

ஒரு மழைக்காலத்தில், விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மஃரிப் பாங்கு சொன்ன பிறகும் இருவரையும் காணவில்லை. இரத்தோட்டை பஸ்ஸும் வரவில்லை. மேலே எங்கோ "மண்கட்டு சரிஞ்சிருக்கு" என்று ரோட்டில் பேசிக்கொண்டு போனார்கள். "மதினி, தேத்தண்ணி ஆறிட்டுது, இவர இன்னும் காணல்ல" என்று சாச்சி அழத் தொடங்கினார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மழைக்கு எங்கசரி ஒதுங்கியிருப்பாங்க, புள்ள. வந்திடுவாங்க" என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். சாச்சா வழக்கமாக நிற்கும் இடம் வரிசையில் காலியாக இருந்ததாம். பக்கத்து வீட்டு லொறிக்கார நானா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "மூத்தவரு வரல்லன்னா நான் போய்ச் சாப்பிட்டுப் படுத்திடுவேன். இளையவரு வரல்லன்னா என்னமோ ஆகியிருக்கு." டோர்ச்சும் மண்வெட்டியுமாக அவர்கள் லொறியில் ஏறிப் போனார்கள். அவர்கள் தேடப் போவது சாச்சாவை மட்டும்தான். என் வாப்பா மண்ணுக்குள் கிடந்தாலும் எங்கோ கதைத்துக்கொண்டிருக்கிறார் என்றே ஊர் நினைத்துக்கொள்ளும். தெரிந்த குர்ஆன் ஸூராக்களையெல்லாம் ஓதினேன். பயத்தில் பாதியில் மறந்து, திரும்பத் தொடங்கினேன்.

லொறி திரும்பி வந்து நின்றபோது முதலில் வந்தது அந்த வாடைதான், மண் வாடையோடு கலந்து. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை. சாக்கு வந்துவிட்டது, ஆள் வந்தாரா என்று தெரியவில்லை. பார்க்கப் பயந்து கதவுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது, "கொஞ்சம் பிந்திட்டுது" என்று உம்மாவிடம் யாரோ மெல்லச் சொல்வது கேட்டது. அது வாப்பாவின் குரல்.

நடந்ததைச் சாச்சா பிறகு சொன்னார். வீடு திரும்பும் வழியில், ஒரு வளைவில் சரிந்து கிடந்த மண்ணுக்கு வெளியே எங்கள் சாக்கின் மூலை தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இடுப்புவரை மண்ணுக்குள் வாப்பா. விட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓட வழியில்லை, மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. லொறி வந்து சேரும்வரை வெறும் கையால் அள்ளி அள்ளித் தள்ளியபடி, "பயப்படாதீங்க நானா, என்னக் காணல்லன்னு இந்நேரம் தேடக் கெளம்பியிருப்பாங்க" என்று வாப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மண்ணுக்குள் முறிந்த கால் கூடியபின் வாப்பா சைக்கிளைக் கைவிட்டார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். ஒரே பஸ், பாங்கு நேரத்துக்கு வாசலில் இறங்குவார். இனிப் பயமில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் உம்மாவும் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். பஸ் கொஞ்சம் பிந்தி, தேத்தண்ணியின் ஆவி அடங்கினாலே படலைக்குப் போய்விடுவார். "முந்தி நான் அழுதா நீங்கதானே மதினி சிரிச்சீங்க" என்று சாச்சி கேலி செய்வார்.

பல வருடங்கள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் "நியம விலகல்" படித்தேன். ஒவ்வொரு எண்ணும் இடையிலிருந்து, அதாவது சராசரியிலிருந்து, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தூரங்களை வர்க்கித்து, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் காண வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் இடை ஒன்றாகவும் விரிவு வேறாகவும் இரண்டு வரிசை எண்களை எழுதியபோது, மற்றப் பிள்ளைகள் குழம்பினார்கள். எனக்குக் குழப்பமில்லை. அந்த இரண்டு வரிசையோடும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவள் நான். விடை சரியாக வந்தது. எழுதிய கை மட்டும் வியர்த்திருந்தது.

இப்போது அந்த ரோட்டில் கொக்கோ மரங்கள் அருகிவிட்டன, சாக்குச் சைக்கிள்கள் இல்லவே இல்லை. பிந்துகிறவர்கள் எந்த வளைவில் நிற்கிறோம் என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். வாப்பாவும் சாச்சாவும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் இருவரும், ஒருவர்பின் ஒருவராக மவுத்தாகிவிட்டார்கள். பாங்கு கேட்டதும் நான் இன்னமும் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறேன். கோப்பை ஆறுகிறது. வர வேண்டியவர் யாருமில்லை, ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.