இரும்பு நாற்காலிக்கு ஒரு மண்டகப்படி

காரியாபட்டிச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்தபோது எனக்கு வலிக்கவே இல்லை. கிளீனர் அன்றைக்கு வரவில்லை என்று நானே மேலே ஏறி வத்தல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கயிறு அறுந்தது. மூட்டையோடு நானும் கீழே வந்துவிட்டேன். கூட்டம் கூடி ஐயோ ஐயோ என்றது. "ஒண்ணுமில்லப்பா, தள்ளுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழுந்ததாகத்தான் நினைத்தேன். உடம்பு தரையிலேயே கிடந்தது.

உலக யுத்தம் முடிந்து, கரியில் ஓடிய பஸ்கள் மறுபடி பெட்ரோலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நான் அருப்புக்கோட்டை–மதுரை பஸ்ஸில் கண்டக்டர். வலித்தால்தான் வியாதி என்று நம்புகிற ஊரில் பிறந்தவன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ என்னைப் போல ஆகியிருந்தால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: வலி இல்லாததுதான் இந்த வியாதி. கால் போனதைக்கூட ஒருவாறு பழகிக்கொள்ளலாம். வலி போனதை நான் இன்னும் பழகவில்லை.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே பெரிய டாக்டர் அமெரிக்கர். தமிழை யாரோ பிரசங்கியாரிடம் படித்திருக்க வேண்டும். பேசினால் கோயில் மணி அடித்த மாதிரி இருக்கும். என் முதுகைத் தடவிப் பார்த்தார். தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு) நசுங்கிவிட்டது என்றார்.

"உமது கால்கள் இனி நடவா. ஆனால் நீர் உட்காரக் கற்றுக்கொள்வீர். உட்காருகிறவன் பிழைப்பான். படுத்தே கிடக்கிறவன் பிழையான்."

என் மனைவி சீனியம்மாள் பக்கத்தில் நின்றாள். "என்ன சொல்றாக?" என்று என்னிடம் கேட்டாள். "உக்காரச் சொல்றாக" என்றேன். "அம்புட்டுத்தானே" என்றாள் பாவி மகள்.

அவர் சொன்னதன் அர்த்தம் வார்டில் படுத்த பிறகுதான் புரிந்தது. படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருப்பதால் ரத்தம் ஓடாமல் தோல் செத்து அழுகுவது) வந்தவர்களை நாற்றத்திலேயே தெரிந்துகொள்ளலாம். நரிக்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்த ஒருவர் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தார். நல்ல மனுஷர், ஓயாமல் கதை சொல்வார். இடுப்பில் ஒரு காசு அகலத்துக்குச் சிவந்தது. பிறகு அவர் கதை சொல்லவில்லை. பிறகு கட்டில் காலியானது.

அதற்குப் பின் சீனியம்மாள் என்னைத் தூங்க விடவில்லை. ராத்திரியெல்லாம் புரட்டிப் போடுவாள். "சும்மா கெடடி" என்று திட்டுவேன். "நீங்கதான் சும்மா கெடக்கீகளே" என்பாள்.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிகள் ஆறு இருந்தன. தம் தேசத்தில், யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடைப்பந்து விளையாடியதை டாக்டர் லீவில் போனபோது பார்த்திருக்கிறார். வந்ததும் எங்களையும் இறக்கிவிட்டார். பக்கத்துக்கு மூன்று பேர். முதல் நாள் பந்தைப் பிடிக்கப் போய் நான் நாற்காலியோடு கவிழ்ந்தேன். வார்டே சிரித்தது. அந்த வார்டில் யாரும் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

மூட்டை ஏற்றிய கை வீண் போகவில்லை. தூரத்திலிருந்து எறிந்தால் கூடைக்குள் விழும். டாக்டர் கைதட்டி "மகா நேர்த்தி!" என்பார்.

ஆனால் அந்த நாற்காலிகள் ஆஸ்பத்திரியுடையவை. வீட்டுக்குப் போகிறவன் சொந்த நாற்காலி இல்லாமல் போனால், மூலையில் படுப்பான். படுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டேனே. விலைக்கு வாங்க வக்கில்லை. டாக்டர் ஒரு வழி சொன்னார். எங்கள் ஊரில் ஒரு தர்மப் பந்தயம் நடத்துவது. ஊர்ப் பெரியவர்கள் செலவை ஏற்றால், எனக்கும் வார்டில் படுத்திருக்கும் மற்றவர்களுக்கும் நாற்காலி கிடைக்கும். "உமது ஊரில் ஐசுவரியவான்கள் உண்டா?" என்று கேட்டார். "ஏன் இல்லாம?" என்றேன், நானே அவர்களைப் பெற்றது போல.

மாட்டுவண்டியில் படுக்கவைத்து அருப்புக்கோட்டைக் கடைத்தெரு முழுக்க என்னை இழுத்துப் போனார்கள். முதலில் பஞ்சு அரைக்கும் ஆலை முதலாளி. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"கால் வெளங்காதவுக பந்து வெளையாடுறதா? கூத்தால்ல இருக்கு! கஞ்சித்தொட்டி வைக்கணுமா, சொல்லு, வைக்கிறேன்."

"கஞ்சி வேணாம் மொதலாளி. எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அது தெரியுதுப்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

எல்லாக் கடையிலும் இதே கதைதான். பசித்தவனுக்குப் போடுவது தர்மம், நொண்டிக்குப் போடுவதும் தர்மம், நொண்டி விளையாடுவதற்குப் போடுவது என்ன கணக்கில் சேரும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியாக நூல் வியாபாரி ஒருவர் கடைக்குப் போனோம். வயசானவர், நெற்றி நிறையத் திருநீறு. நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"பந்தயம் கிந்தயம்னு சொல்லாதய்யா. எவனும் தரமாட்டான். மண்டகப்படின்னு சொல்லு."

திருவிழாவில் சாமி வீதி வரும்போது, ஒவ்வொரு வகையறாவும் தன் செலவில் பந்தல் போட்டு, சாமியை நிறுத்தி மரியாதை செய்வதுதான் மண்டகப்படி. அதுபோல நாற்காலிக்காரர்கள் கடைத்தெரு வழியாக ஊர்வலமாக வர வேண்டும். செலவு ஏற்றவர் ஒவ்வொருவர் வாசலிலும் நின்று மரியாதை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போக வேண்டும். "மொத மண்டகப்படி நம்ம கடை. ஒன் நாற்காலி என் உபயம்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, ஊர் மாறிவிட்டது. கஞ்சித்தொட்டி முதலாளியே ஆள் அனுப்பினார், முதல் மண்டகப்படி தனக்கு வேண்டும் என்று. இல்லை என்றதும் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, மதுரையிலிருந்து எங்களை ஏற்றிவர லாரியும் தந்தார். வத்தல் மண்டிக்காரர் மூன்றாவது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீனியம்மாளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "சாமிய ஐம்பொன்னுல செஞ்சிருக்காக. அது எம்புட்டு நேரமும் நிக்கும். ஒங்கள எதுல செஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"வாய மூடு, நல்ல காரியம் நடக்கயில" என்றேன்.

பங்குனி வெயில். எங்கள் ஊர்ப் பங்குனியைத் தெரியாதவர்களுக்கு: கரிசல் வெடித்துக் கிடக்கும், காக்கை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பாலவனத்தம், திருச்சுழியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு சனம் வந்துவிட்டது. டாக்டருக்கு அன்று ஓர் ஆபரேஷன். சாயங்காலம் நேராக மைதானத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நூல் கடை வாசலில் வாழைமரம் கட்டிய பந்தல். நாயனம். பந்தலுக்கு வெளியே, தெருவோரத்தில், என் நாற்காலி. கொல்லரை வைத்துச் செய்தது. சைக்கிள் சக்கரம், மரக் கைப்பிடி, உட்காருமிடத்தில் லாரிக்குப் போடுகிற தடித்த இரும்புத் தகடு. முதுகில் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்று போட்டு நூல் கடை முதலாளியின் பெயர். ஊரார் பார்க்கட்டும் என்று காலையிலிருந்தே அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கினார்கள். சீனியம்மாள் எனக்குக் கீழே இருந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து இரும்பு நாற்காலியில் போடப் போனாள். கடைக் கணக்கப்பிள்ளை தடுத்தார்.

"ஏம்மா, ஊரே பாக்குது. இந்த நாத்தம் பிடிச்ச தலகாணிய மரியாதைக்கு வந்த எடத்துல போடுவாகளா?"

"இது இல்லாம உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருங்க."

"புது வேட்டி விரிக்கிறோம், போதாதா?"

தலையணையில் மூத்திர நாற்றம் அடித்தது உண்மை. எங்களுக்கு அது நிற்காது. எவ்வளவு துவைத்தாலும் போகாது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படுகிற பாட்டை நான் பார்த்தேன். "விடு புள்ள" என்றேன். கோடி வேட்டியை மடித்து விரித்தார்கள். முதலாளியே என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாவது மண்டகப்படியில் பூமாலை வரத் தாமதம். மாலை வராமல் சாமி நகரலாமா? வெயிலில் நின்றோம். மூன்றாவதில் பானகம் குடிக்கும் வரை நின்றோம். நான் இடுப்புக்கு மேலே வியர்த்துக் கொட்டிக்கொண்டு, எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தயம். சுவர் மேலெல்லாம் ஆட்கள். முதலில் யாரும் சத்தம் போடவில்லை. பார்க்கலாமா கூடாதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் பாதி மைதானத்திலிருந்து எறிந்தேன். பந்து கூடைக்குள் இறங்கியது. "ஏலே, போட்டுட்டான்லே!" என்று யாரோ கத்தினான். அப்புறம் ஒரே விசில். எங்கள் பக்கம்தான் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் பள்ளிக்கூட அறை ஒன்றில் பாயில் குப்புறப் போட்டு சீனியம்மாள் என் வேட்டியை அவிழ்த்தாள். வேட்டி வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை.

"இந்தாருங்க. வெந்து போயிருக்கு" என்றாள்.

"எங்க?" என்று கேட்டேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்தார். பிரசங்கத் தமிழ் எதுவும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி மதுரை, மறுபடி அதே வார்டு. வெந்த தோல் கறுத்து உரிந்தது. அதற்குக் கீழே எலும்பு தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். குளிர் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பென்சிலின் (சீழ் பிடிக்காமலிருக்கப் போடும் புது ஊசி) கிடைத்தபோது போட்டார்கள். கிடைக்காதபோது ஜெபம் செய்தார்கள். குப்புறவே கிடந்தேன். எத்தனை மாதம் என்று எண்ணவில்லை. எண்ணினால் பைத்தியம் பிடித்திருக்கும். தரையும், தரையில் நடக்கும் கால்களும்தான் எனக்கு உலகம். பாதத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுவேன். வெயில் தரையில் ஏறினால் காலை, இறங்கினால் சாயங்காலம்.

ஒருநாள் கட்டிலருகே புதுச் செருப்புப் போட்ட வயசான பாதங்கள் வந்து நின்றன. நூல் கடை முதலாளி. ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில், என் கண்ணுக்கு நேரே வைத்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"சுட்டுச்சுன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"சுடலையே மொதலாளி" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க என்னாலும் முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வந்தது. ஆனால் எந்த இடத்தில் அவர் தப்புச் செய்தார் என்று யோசித்துப் பார்த்தால், கோபத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உட்காருமுன் உட்காருமிடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். தினமும் கண்ணாடி வைத்து உங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள், அல்லது பார்க்க ஓர் ஆளைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். நாற்றத்துக்கு வெட்கப்படாதீர்கள்.

புண் ஆறியது. ஆறியது என்றால், வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் மூடியது. டாக்டர் சொன்னார்: "உட்காரலாம். அரை மணி நேரம். அதற்கு மேல் ஆகாது." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "உமது ஜீவனுள்ள நாளெல்லாம்" என்றார். நாற்காலிக்காகத்தானே எல்லாம். நாற்காலி கிடைத்துவிட்டது. உட்காருவதுதான் போய்விட்டது.

மறு பங்குனியும் வந்தது. எங்கள் ஊரில் ஒரு தடவை நடந்த மண்டகப்படியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் தெய்வக் குற்றம். போன வருஷ வசூலில் நாற்காலி வாங்கிய நால்வரோடு இன்னும் இருவர் லாரியில் வந்தார்கள். என்னைக் கட்டிலோடு தூக்கி மைதானத்தோரப் பந்தலில் போட்டார்கள்.

ஆட்டக்காரர்களைப் பாயில் உட்காரவைத்து, ஆறு நாற்காலிகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சீனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போனாள். முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையால் தொட்டுப் பார்க்கவில்லை. முழு உடம்போடு உட்கார்ந்தாள். கூட்டம் முணுமுணுத்தது.

"ஆம்பள ஒக்காருற எடத்துல பொம்பள என்ன ஒக்காருறா?"

"ஒக்காரட்டும்" என்றார் நூல் கடை முதலாளி.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருந்து, எழுந்தாள். ஐந்தாவதில் உட்கார்ந்தவள் வெடுக்கென்று எழுந்துவிட்டாள். "இதுல தண்ணி ஊத்துங்க. தலகாணி மாத்துங்க" என்றாள். கணக்கப்பிள்ளையே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

என் அரை மணியை ஆட்டத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். விசில் ஊதியதும் என்னைத் தூக்கித் தலையணை மேல் உட்காரவைத்தாள். நான் ஆடியிருக்க வேண்டிய பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது. பிறகு சமமாக வந்தது. என் இடத்தில் ஆடிய பையனுக்குக் கை நல்ல கை, கொஞ்சம் அவசரம். "மெதுவா எறிடா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். தோளில் கை விழுந்தது.

"போதும், படுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம், புள்ள. எனக்கு ஒண்ணும் செய்யல."

"ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

வாஸ்தவம்தான். எனக்கு என்ன தெரியும். தூக்கிக் குப்புறப் போட்டாள். முகத்துக்கு நேரே மண்தான் தெரிந்தது. கூட்டம் திடீரென்று கத்தியது. எந்தப் பக்கம் போட்டார்கள் என்று அவளைக் கேட்டேன். அவள் என் வேட்டியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைக் கவனிக்கவில்லை.