புற்றையும் சிப்பியையும் பார்த்து வரைந்த காலம்

கட்டடத்துக்குப் படம் வரைகிறவனை, அது ஒழுங்காக நிற்கிறவரை யாரும் நினைப்பதில்லை, ஒழுகினால்தான் ஆளனுப்புவார்கள். சொந்த வீடு கட்டி அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய வருஷம், புதுச்சேரியில் அருளப்பன் என்ற எஞ்சினியரிடம் படம் வரையச் சேர்ந்தேன். ஊரே அவரைப் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசியே என்றுதான் கூப்பிடும். எந்த வேலை வந்தாலும், "இந்தக் கஷ்டம் நமக்கு முன்னாடி எந்தப் பூச்சிக்கு, எந்த மீனுக்கு வந்திருக்கும்? அதைப் போய்ப் பாரு" என்பார்.

வெள்ளிக்கிழமை

துணி வியாபாரி தணிகாசலத்தின் மாடி அறை சித்திரை வெயிலில் அடுப்பாய்க் கொதித்தது. முசியே என்னைச் சேதராப்பட்டுப் பக்கம் அழைத்துப்போய் ஒரு கரையான் புற்றைக் காட்டினார். உச்சித் துளையின் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. சூடு மேலே வெளியேறினால் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும் என்றார். அதைப்போலவே சுவரின் அடியில் துளைகளும், மொட்டைமாடியில் புற்று வடிவில், உச்சியில் துளையோடு ஒரு கூம்பும் வரைந்தேன். அறை குளிர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தணிகாசலம் வந்தார். அவர் மனைவி அந்தக் கூம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்திருந்தாராம். அவர் கோபப்படவில்லை. "காத்து நல்லாத்தான் வருது தம்பி. வெள்ளிக்கிழமையானா பாலும் சேந்து வருது" என்றார்.

ஏழுமலையின் படகு

நோணாங்குப்பத்தில் ஆற்றைக் கடக்கப் படகு விட்டுக்கொண்டிருந்த ஏழுமலை, வேகமான புதுப்படகு வேண்டுமென்று வந்தார். முசியே மார்க்கெட்டில் ஒரு மடவை மீனை வாங்கி என் மேஜையில் வைத்தார். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் மெலிந்த அதன் உடம்பை அப்படியே அடிப்பாகமாக வரைந்தேன். வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் உருண்ட அடி ஆற்று நடுவில் ஒரு பக்கமாய்ச் சாய, முசியே, நான், ஏழுமலை மூவரும் தண்ணீரில் கிடந்தோம். நல்லவேளை, இடுப்பளவு ஆழந்தான். ஏழுமலை துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மீனு மாதிரி போவும்னு சொன்னீங்க. தண்ணிக்கு மேலயா உள்ளயான்னு நான்தான் கேக்காம உட்டுட்டேன்."

நடு இடம்

வீராம்பட்டினத்தில் பெண்கள் மீன் விற்கிற கொட்டகையின் தகரக் கூரையைப் புயல் இரண்டு தடவை பிடுங்கிப் போயிருந்தது. கனமான கூரை போடுகிற அளவுக்குச் சிமெண்ட் கிடைக்கவில்லை. முசியே கரையில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்துக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் என்னை ஏறி நிற்கச் சொன்னார். உடையவில்லை. "ஓடு மெல்லிசுதான். அந்த மடிப்புதான் தாங்குது" என்றார். மூன்று விரல் கனத்தில் மடிப்பு மடிப்பாகக் கான்கிரீட் கூரை வரைந்தேன்.

முட்டுக் கம்புகளை எடுக்கிற நாள் வந்தது. படம் போட்டவர்கள் கீழே நின்றால்தான் கம்பில் கைவைப்பேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். முசியே நேராக உள்ளே போய் நின்றார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். நானும் போனேன். அந்த நேரம் பார்த்து, மீன்காரி தையநாயகி கூடையோடு வந்து நடுவில் உட்கார்ந்தார். "வெளிய போங்க அக்கா, விழுந்தாலும் விழும்" என்றேன். அவர் அசையவில்லை. கம்புகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. கடைசிக் கம்புக்குப் பிறகு மேலே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தூசி கொட்டியது, கூரை நின்றது.

எங்கள் படத்தை நம்பி ஒருத்தராவது வந்தாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "நம்பறதா? நாளைக்கி எல்லாரும் வந்துட்டா நடுவுல எடம் கெடைக்குமா?" என்றார்.

கடிதம்

குடியுரிமை பிரான்சா இந்தியாவா என்று அரசாங்கம் கேட்ட வருஷம், முசியே பிரான்சுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறினார். மகன் முன்பே அங்கே இருந்தான். அலுவலகத்தில் அவர் நாற்காலியில் ரொம்ப நாள் யாரும் உட்காரவில்லை. குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது, இரண்டே வரி: "இங்கே குளிருக்கு எறும்புகளெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. சந்தேகம் வந்தால் கேட்க ஒருத்தரும் இல்லை."

இப்போதும் யாராவது என்னைப் பெரிய எஞ்சினியர் என்றால், நான் வெறுமனே பார்த்துக் காப்பியடித்தவன் என்று உண்மையைச் சொல்கிறேன், அதை அவர்கள் என் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.