இடது தோளையும் ஒரு படம்

என் நாத்தனார் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. எங்களோடுதான் இருக்கிறாள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். பதினாறு வருஷமாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அங்கே வரும் பிள்ளைகளுக்கு அவள் சிலையக்கா. யார் முதலில் அசைகிறார்கள் பார்ப்போம் என்று பந்தயம் கட்டியே, அழுகிற பிள்ளையையும் ஆடாமல் நிற்க வைத்துவிடுவாள். வீட்டில்தான் மதிப்பில்லை, முக்கியமாக என்னிடம்.

என் மகளுக்குப் பதினொரு வயது. நீச்சல் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குளத்துப் படியில் வழுக்கி விழுந்து வலது தோளில் அடி. நாத்தனாரின் மருத்துவமனைக்கே கூட்டிப் போனோம். அவள் எடுத்த படத்தைப் பார்த்த இளம் டாக்டர், மேல்கை எலும்பில் தோளுக்குச் சற்றுக் கீழே ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். முறிவு மாதிரிதான் தெரிகிறது, ஒன்றரை மாதம் கையைத் தூக்கவே கூடாது என்றார். மகள் அழவில்லை. கழுத்தில் கிடந்த நீச்சல் கண்ணாடியைக் கழற்றி என் கைப்பையில் போட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இடது தோளையும் ஒரு படம் எடுக்கட்டுமா என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். அடிபட்டது வலது தோள். இங்கேயும் வந்து பூட்டை இழுக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எடுங்கள் என்றார்.

இரண்டு படங்களும் திரையில் அடுத்தடுத்து வந்தன. இடதிலும் அதே இடத்தில் அதே கோடு. என் கணவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, ரெண்டு தோளும் உடைஞ்சிருச்சா?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் தன் அண்ணனின் முதுகைத் தட்டினாள்.

"உடையலண்ணா. எலும்பு வளர்ற இடம் அது. சின்னப் பிள்ளைங்களுக்குப் படத்துல கோடு மாதிரிதான் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாரு."

பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசையில்தான் அடி, இரண்டு வாரம் ஓய்வு போதும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் மகள் என் கைப்பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போட்டியன்று கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனையில் நாத்தனார் சட்டென்று நின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி நடக்கப் போனாள். நேரமாகிறது என்று கணவர் வேறு முணுமுணுத்தார். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போய் இழுத்துப் பாத்துட்டு வா. நாங்க நிக்கிறோம்."