ஒரு தடவைதான் அடிப்பார்

இது நடந்தது அறுபதுகளின் கடைசியில், கோலார் தங்கவயலில். நான் அப்போது பெங்களூரில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன். வார்டு வேலை பழகுவதற்காக எங்களைச் சில மாதங்கள் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். எனக்குச் சொந்த ஊரே கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வரும் ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் போட்டார்கள்.

சொந்த ஊர் என்றாலும் எனக்குச் சுரங்கம் தெரியாது. அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கு விற்றுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்தத் தூக்கோடு பூமிக்குள் இறங்கிய பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

புறப்படும்போது எங்கள் ஆசிரியை ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வியாதியைப் பற்றி எழுதக் கூடாது, அதை டாக்டர் எழுதுவார். அந்த மனிதருக்கு நாள் எப்படிப் போகிறது, எது பாரமாக இருக்கிறது, எது கொஞ்சம் லேசாக்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். நர்சுகளும் ஆராய்ச்சி செய்யலாம் என்று அவர் சொல்லித்தான் நான் முதலில் கேள்விப்பட்டேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் அடங்கும். தூக்கம், சாப்பாடு, வலி, பார்க்க வருகிறவர்கள், பயம் என்று தலைப்புகள் போட்டுக்கொண்டு போனேன்.

நான் தேர்ந்தெடுத்தவர் வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்காரர். தொண்டையில் புற்றுநோய். வேலூரில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டு ஒரு வெள்ளிக் குழாய் வைத்திருந்தார்கள். அதற்குள் இன்னொரு மெல்லிய குழாய் உண்டு. சளி காய்ந்து அது அடைத்துக்கொண்டால் உடனே உருவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிர் போய்விடும். தானே உருவிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். மூச்சு முட்டியதும் அவர் கை நடுங்கிவிடும். குழாய் வைத்த நாளிலிருந்து குரல் கிடையாது. எழுதவும் வராது, கையெழுத்து மட்டும் போடுவார்.

எப்படிக் கூப்பிடுவார்? அவர் மனைவிதான் அதற்கு வழி கண்டார். வீட்டுப் பூஜை மணியை எடுத்துவந்து கணவர் கையில் கொடுத்தார்.

வார்டின் நடுவில், முறிந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி ஒருவர் படுத்திருந்தார். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. நாக்கு சும்மா இருக்காது. மணியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா நைனா, மணியெல்லாம் வந்துடுச்சி. தீபாராதனை எப்போ? சுண்டல் இருந்தா சொல்லு, நான் வேணா காலை அவுத்துக்கினு வந்துடறேன்."

கடைசிக் கட்டில்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்தால் குழாயில் காற்று விசிறுவது மட்டும் கேட்கும்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டுகள் மோதுகிற சத்தம், எல்லோரும் பேசுகிற சத்தம். நான் வாசல் பக்கம் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒரு தடவை கேட்டது. ஒரே ஒரு தடவை. கை பட்டிருக்கும் என்று நினைத்து அடுத்த கரண்டியை எடுத்தேன். அதற்குள் ஒரு டம்ளர் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. எறிந்தவர் கால் முறிந்தவர்.

"ஒண்ணு அடிச்சிட்டாரு சிஸ்டரு. இன்னும் இன்னா நின்னுக்கினு இருக்கே? ஓடு."

திரும்பிப் பார்த்தேன். நடக்க முடிந்த இரண்டு பேர் ஏற்கெனவே கட்டிலை விட்டு இறங்கி அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன். அவர் முகம் கறுத்து, உதடு நீலமாகியிருந்தது. உள்குழாயை உருவினேன். மெழுகுபோல ஓர் அடைப்பு வந்தது. அதற்குப் பின்னால் காற்று உள்ளே போன சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும்.

காலால் மிதிக்கும் கருவியால் சளியை உறிஞ்சி எடுத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்த பிறகு, கால் முறிந்தவரிடம் போய், ஒரு தடவை அடித்ததற்கா அப்படி அலறினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவரு வேலை இன்னான்னு நெனச்சே? சுரங்கத்துல ஆளுங்களை ஏத்தி இறக்குற கூண்டு, கேஜு, அதுக்கு மணி அடிக்கிறவரு. மேலயும் கீழயும் ஆளுங்க போறதெல்லாம் அவரு கையில. ஒண்ணு அடிச்சா நிறுத்துன்னு அர்த்தம். எங்க ஓடினு இருந்தாலும் கேஜ் அங்கியே நிக்கும். ரெண்டு அடிச்சா இறக்கு. பயத்துல இன்னொரு தபா கை பட்டுச்சுன்னா, ஆளுங்க ஏறுற நேரத்துல கேஜ் இறங்கிடும். ஆளு ரெண்டு துண்டு. ஆபத்துன்னா ஒண்ணுதான் அடிப்பாங்க. அடிச்சிட்டுக் கையை எடுத்துடுவாங்க."

நான் கடைசிக் கட்டிலுக்குப் போய், "இங்க கேஜ் எதுவும் இல்லீங்க. யாராச்சும் வர்ற வரைக்கும் அடிச்சிக்கினே இருங்க" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷமாகக் கையில் ஊறிப்போனதை இனிமேல் மாற்ற முடியாது என்று எனக்குப் புரிந்தது. மாற வேண்டியது நாங்கள்தான். அன்று மாலையே வார்டில் வேலை செய்கிற எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு தடவைதான் அடிப்பார், கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று.

அதற்கு மறுநாள்தான் என் தலைப்புகளை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆமாம் இல்லை என்று தலையாட்டலாம்படி கேட்டேன். வலி இருந்தது, ஆனால் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குக் கையை விரித்தார். தூக்கம் இல்லை என்று தலையை அசைத்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். மணியைத் தொட்டார். வார்டின் நீளம் முழுக்க வாசல்வரை கையை நீட்டினார். கடைசியில் என் காதைக் காட்டினார். சாவதில் அவருக்குப் பயமில்லை. அடித்தது கேட்காமல் போய்விடுமோ என்பதுதான் பயம். அதனால்தான் கண்ணை மூடவில்லை.

பெரிய சிஸ்டரிடம் போய், அவரை முன்பக்கம், எங்கள் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றலாமா என்று கேட்டேன்.

"முன்கட்டில் எல்லாம் ஆக்சிடென்ட் கேசுக்கும்மா. நீ படிக்க வந்த பொண்ணு, இந்த ஊர்ச் சுரங்க ஷாப்ட்ல எப்ப என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

"இப்ப காலியாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"காலியா இருக்கிறது நல்லதுன்னு நினைச்சுக்கோ." கொஞ்சம் யோசித்தார். "சரி, மாத்து. கேஸ் வந்தா மறுபடி பின்னால போயிடணும். அவர்கிட்டயே சொல்லி மாத்து."

சொன்னேன். இங்கிருந்து அடித்தால் உடனே வருவோம் என்றும் சொன்னேன். தலையாட்டினார். அன்றிரவு அவர் தூங்கினார். மறுநாள் மனைவி வந்து, ஷேவ் செய்து உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா மருந்து குடுத்தீங்கம்மா? மொகமே மாறிப்போச்சு" என்று கேட்டார். ஒரு மருந்தும் மாற்றவில்லை. கட்டிலைத்தான் மாற்றியிருந்தோம். இதை எழுதினால் ஆராய்ச்சி என்று ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் எழுதினேன். ஒரு வாரத்துக்குமேல் அவர் நன்றாகவே தூங்கினார். மணி அடித்தபோதெல்லாம் யாராவது போனோம்.

பிறகு ஒரு முற்பகல், தரை அதிர்ந்தது. அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசின. பூமிக்குள் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது அப்படி ஆகும். கடைத்தெருவில் இருந்தபோது அடுக்கிய பாத்திரங்கள் சரிவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்து மறுபடி அடுக்குவோம், அவ்வளவுதான். இந்த வார்டில் அது வேறு மாதிரி இருந்தது. அத்தனை ஆண்களும் பேச்சை நிறுத்தினார்கள். அப்பால் யாரோ ஒருவர் மட்டும், "நம்ம ஷாப்ட் பக்கம்தான்" என்றார்.

பெரிய சிஸ்டர் கட்டில்களைத் தயார் செய்யச் சொன்னார். நான் கடைசிக் கட்டில்காரரை மாற்றிவைத்திருந்த முன்கட்டிலுக்குத் திரும்பினேன். அவர் முன்பே இறங்கிவிட்டிருந்தார். தலையணையை அக்குளில் இடுக்கி, ஒரு கையில் எச்சில் கிண்ணமும் மறு கையில் மணியுமாக, சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்துப் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். முன்பக்கம் போ என்று தலையை அசைத்தார்.

அடிபட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். சேறும் ரத்தமுமாக, யார் எவர் என்று தெரியாத முகங்கள். துணியை வெட்ட வேண்டும், கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும், பாட்டில் ஏற்ற வேண்டும், பெயர் கேட்க வேண்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நடைபாதை முழுக்க ஸ்ட்ரெச்சர்களும் அவற்றைத் தூக்கி வந்தவர்களும். ஒரு தடவை மட்டும் ஆட்களுக்கு நடுவில் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தினார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். மணிச் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துவைத்திருந்தேன். அது கேட்கவேயில்லை.

வெயில் சாய்ந்த பிறகு கொஞ்சம் ஓய்ந்தது. கழுவிவைத்த உள்குழாயை எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது. குழாய் அடைத்திருந்தது. மணி மடியில் இருந்தது. அதற்குள் அவருடைய துண்டின் முனையை அழுத்தித் திணித்துவைத்திருந்தார். ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

கால் முறிந்தவர் என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"துணி வச்சப்பவே பாத்தேன் சிஸ்டரு. இன்னா நைனான்னு கேட்டேன். சும்மா இருன்னு கையைக் காட்டினாரு. அப்பால ஜனம் வந்து மறைச்சிக்கிச்சி."

"எனக்குக் குரல் குடுத்திருக்கலாமே?"

"அடிபட்டவங்களை மேல ஏத்தறப்போ வேற ஆழத்துல, மத்த லெவல்ல இருக்கறவன் மணியைத் தொட மாட்டான். எவ்வளவு நேரமானாலும் சரி, அவங்க போற வரைக்கும் காத்துனு இருப்பான். எங்க எல்லாருக்கும் அப்படித்தான். அவரும் அப்படிக் காத்துனு இருக்காருன்னுதான் நெனச்சிக்கினேன்." பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறந்தவரின் மனைவி வருவதற்கு முன், பெரிய சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, "தூக்கத்துல போயிட்டார்னு சொல்லிடு. இனி அந்தம்மாவுக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம்" என்றார். கருணையோடுதான் சொன்னார். நானும் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த அம்மா வந்து, கணவர் முகத்தைத் தடவிவிட்டு, அழாமல் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"மணி அடிச்சாராம்மா?"

அடித்தார், நாங்கள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது. தூங்கினார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கணவரை முன்கட்டிலுக்கு மாற்றிய அன்று, அடித்தால் வருவோம் என்று சொன்னவள் நான். "அடிக்கலைங்க" என்றேன். துண்டைக் காட்டினேன். முன்பக்கம் படுத்திருந்தவர்களைக் காட்டினேன். கால் முறிந்தவர் சொன்னதையும் சொன்னேன்.

அந்த அம்மா மணியை வாங்கி, உள்ளே இருந்த துணியை மெதுவாக உருவினார்.

"எத்தினி பேரை மேல ஏத்தி வுட்டிருப்பாரு. தனக்குன்னு ஒரு தபா அடிச்சிருக்கக் கூடாதா?"

என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தானையால் மணியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகுதான் அழுதார்.

எப்படியும் கொஞ்ச நாள்தானே இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அது உண்மை. அன்று கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், அதுவும் உண்மை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மனம் அடங்கவில்லை.

பெங்களூருக்குத் திரும்பி வகுப்பில் நான் எழுதியதைப் படித்தேன். அவர் தூங்கிய நாட்களைப் பற்றிய பகுதியை ஆசிரியை பாராட்டினார். பிறகு, அன்று உன் இடத்தில் வேறு யார் இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று வகுப்பைக் கேட்டார். பெரிதாகச் சத்தம் கேட்கிற மணி வாங்கலாம், யாராவது உறவினரைக் கூட வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட, அடிக்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட ஒருவருக்குப் பொருந்தாது.

இப்போது நான் வேறு ஊரில், புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வருகிற பெண்களும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். வார்டில் அவசரமாக ஏதாவது வந்து எல்லோரும் ஒரு பக்கமாக ஓடும்போது, அவர்களில் ஒருத்தியை மட்டும் நிறுத்தி, எதிர்ப் பக்கம் அனுப்புவேன். யாரும் கூப்பிடவில்லையே அக்கா என்பாள். அதனால்தான் போகச் சொல்கிறேன் என்பேன். பெரும்பாலும் அவள் போய்ப் பார்க்கும்போது எல்லோரும் சும்மாதான் படுத்திருப்பார்கள். என் மேல் சலித்துக்கொண்டு திரும்பி வருவாள். வரட்டும். கூப்பிடாமல் இருப்பவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க, அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.